உயராத கையின் ஓட்டு

அன்றைக்கு மேடையில் என் அம்மாவின் தோளைப் பற்றி ஒரு வார்த்தையும் நான் சொல்லவில்லை. கை உயராதது தெரிந்தால் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலை போய்விடும் என்று அம்மாவுக்குப் பயம். "என் கையப் பத்தி வாயத் தொறந்த, வீட்டுப் பக்கம் வந்துறாத ஜெசி" என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டார். ஆகவே சொன்னது இவ்வளவுதான்:

கழுத்தில் மாலையின் கனத்தையும் காதில் மைக்கின் கீச்சலையும் ஒருசேரத் தாங்கி, தலைமை வகிக்கும் யாகோப்பு ஐயா அவர்களே! பனியில் நனைந்து வந்த பெரியோர்களே! முதுகில் கூடையும் மனத்தில் குடும்பமும் சுமந்து தெமோதரைச் சரிவெல்லாம் ஏறி இறங்கும் தாய்மார்களே! ஞாயிறு காலைகளைக் கெரம் பலகைக்கே காணிக்கையாக்கிய இளைஞர் கழகத் தம்பிமாரே! உங்கள் அனைவருக்கும் ஓர் இயன்மருத்துவரின் வணக்கம்.

தலைவர் எனக்கு ஐந்து நிமிடம் தந்தார். கையைக் காட்டித் தந்தார். நிமிர்ந்தவையோ மூன்று விரல்கள்! மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளங்கையை விட்டு வர மறுத்தன. இத்தனை காலமும் ஐயாவைக் கஞ்சர் என்று பேசியவர்களே, கேளுங்கள். அவர் மனத்தில் கஞ்சத்தனம் இல்லை. அவர் கையில் கொலாஜன் கூடிவிட்டது!

கொலாஜன் என்றால் என்ன? உடம்பை இழுத்துக் கட்டும் நார். அதை நெய்வதற்கென்றே நமக்குள் உயிரணுக்கள் இருக்கின்றன. புண் ஆறியதும் அவை நிறுத்த வேண்டும். நிறுத்தினவா? சங்கு ஊதியும் வீட்டுக்குப் போகவில்லை, கேட்காமலே ஓவர்டைம்! உள்ளங்கையில் நெய்து குவித்தால் விரல் மடங்கும். தோள்மூட்டின் உறையில் நெய்து குவித்தால் தோள் இறுகும். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ளவர்களிடம் இந்த ஓவர்டைம் இன்னும் அதிகம். யாரது பின்வரிசையில், "அந்த ஓவர்டைம் ஆளுங்கள நம்ம தோட்டத்துக்கு அனுப்புங்க" என்பது? வேண்டாம் அண்ணே, அவர்கள் வந்து நெய்து இறுக்கினால் தொழிற்சாலைக் கதவே திறக்காது.

சபையோரே, சென்ற மாதம் இதே மண்டபத்தில் ஒரு கேள்வி எழுந்தது. ஞாயிறு காலை மண்டபம் யாருக்கு? தோள் இறுகிய தாய்மாரின் பயிற்சிக்கா, கெரத்துக்கா? பயிற்சிக்கு ஆதரவானவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்கள். கை தூக்க முடியாதவர்கள் கேட்ட மண்டபத்தை, கை தூக்கினால்தான் தருவோம் என்பது என்ன நியாயம்? ஹாலிஎல வரை ஓடிக் காட்டு, ஊன்றுகோல் தருகிறோம் என்பதா? ஒருவர் இடது கையைத் தூக்கினார். இடது கையால் ஓட்டா என்று இறக்கிவிட்டார்கள். ஒருவர் பக்கத்து அக்காவின் கையையும் சேர்த்துத் தூக்கினார். கள்ள ஓட்டு என்றார்கள்.

கனகம் அக்கா, அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன், வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துத் தூக்கினார். தூக்கினார், தூக்கினார், நெஞ்சு வரை தூக்கினார். எண்ண வந்தவர் இளைஞர் கழகத் தலைவர் ஜனுஷன். கனகம் அக்காவின் சொந்த மகன். அம்மா கும்பிடுகிறார் என்று நினைத்துத் தானும் கும்பிட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்! பிறகு மைக்கில் என்ன முழங்கினார்? "எங்கம்மாவே கை தூக்கல!"

தம்பி ஜனுஷன், வாசல் பக்கம் நகராதீர்கள். அம்மாவையே கேட்போம். சொல்லுங்கள் அக்கா. பின்வரிசைக்குக் கேட்டதா? "தூக்குனேன்டா. நீதான் திருப்பிக் கும்பிட்ட" என்கிறார்.

சிரியுங்கள், சிரித்துவிட்டு யோசியுங்கள். சீப்பைத் தலைக்குக் கொண்டுபோக முடியாத கை அது. அந்தக் கை பறித்த கொழுந்தை ஊரெல்லாம் குடிக்கிறது. அந்தக் கையின் ஓட்டை எண்ண நமக்குத் தெரியவில்லை! நான் மாயம் செய்ய வரவில்லை. சுவரில் விரல்களை மெல்ல மெல்ல ஏற்றப் பழக்குவேன். மாதங்கள் பிடிக்கும்; சிலருக்கு வருடங்களும் பிடிக்கும். யாகோப்பு ஐயாவின் விரல்களுக்கு இது போதாது. அவர் பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டரைப் பார்க்க வேண்டும். தலையசைக்கிறார், நீங்கள் சாட்சி!

மறுபடி எண்ணுங்கள்! கையை எண்ணாதீர்கள், ஆளை எண்ணுங்கள்! தோள் சொல்ல முடியாததைக் கால் சொல்லட்டும். பயிற்சிக்கு மண்டபம் வேண்டும் என்பவர்கள் எழுந்து நில்லுங்கள்!

ஐந்து நிமிடத்தை மூன்றாகக் காட்டி, பத்தாக நீள விட்ட தலைவருக்கு நன்றி. கை உயர்கிறவர்களுக்குக் கையுயர்த்தியும், உயராதவர்களுக்குத் தலைதாழ்த்தியும் விடைபெறுகிறேன். வணக்கம்.

முதலில் கனகம் அக்கா எழுந்தார். பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள். ஜனுஷன் கடைசியாக எழுந்தான். மண்டபம் கிடைத்தது. முதல் ஞாயிறு அம்மா வந்தார். பயிற்சிக்கு இல்லை, எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்ற வந்தேன் என்றார். இடது கையால் ஊற்றி முடித்துவிட்டு, சுவர்ப்பக்கம் போய் நின்றார்.