பரண்மேல் ஒரு ஸ்பேர்

— அந்தப் பொட்டிய எறக்காதீங்க. பரண்மேலயே கெடந்துட்டுப் போவட்டும்.

— ஏன் மேரி, புது மிக்சி வேணாமா? முந்தியெல்லாம் எத்தினிவாட்டி கேட்டிருப்ப. இன்னிக்கி நானே பிரிச்சுத் தர்றேன். மனசு குளுந்து கெடக்கு.

— அப்படி இன்னா குளுந்து போச்சு?

— கப்பலுக்குப் போவ வேணாம், அதான். காலையில, கப்பல்ல என் எடத்துக்கு வந்த கோகுலகிருஷ்ணன் தம்பி விசாகப்பட்டினத்துலேர்ந்து போன் போட்டுது. நடுக்கடல்ல போர்க்கப்பலுங்களுக்கு எண்ணெயும் தண்ணியும் குடுக்குமே நம்ம கப்பலு, அதுல ஜெனரேட்டருக்குத் தண்ணி ஏத்துற பம்பு நின்னுபோச்சாம். பம்பு செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல. என்னிக்கி இன்னா மாத்துனதுன்னு யாருக்கும் தெரியல. ரிட்டையர் ஆனா இன்னா, விசாகப்பட்டினத்துல வூடு தர்றோம், நீங்க வந்து மூணு மாசம் இருங்கன்னு ஒரே கெஞ்சலு.

— அட சேசுவே. கிறிஸ்மஸுக்குத்தான் ஒரேடியா வூடு வந்து சேந்தீங்க. மறுபடியுமா?

— கேளு. கீழ ஸ்டோர்ல, கயித்துக் கட்டுக்குப் பின்னால, பிரிக்காத பொட்டியில புது பம்பு இருக்குது, எடுத்து மாட்டுப்பான்னு சொல்லிட்டேன். தேடப் போயிருக்கு. கெடச்சிட்டா நான் உன் மல்லாட்டை சட்னியத் தின்னுக்கினு திண்டிவனத்துலயே இருப்பேன்.

— அந்தப் பொட்டியத் தொறந்து பாத்திருக்கீங்களா?

— ஸ்பேர் பொட்டிய யாரு தொறப்பா? பழசு ஓடுற வரைக்கும் ஓடணும், புதுசு பொட்டியில தூங்கணும். கப்பலுக்கும் அதான் ரூலு, வூட்டுக்கும் அதான் ரூலு. அதுக்குத்தான் மிக்சி கூட ஒரே மாதிரி ரெண்டா வாங்குனேன்.

— நீங்க லீவுல வந்தப்ப அந்தப் பம்பு கெட்டதே இல்லியா?

— ஒருவாட்டி கெட்டுச்சு. பசங்களே சரி பண்ணிட்டானுங்க. நான் திரும்பிப் போய்ப் பாக்கறேன், சத்தமே இல்ல, புது பம்பாட்டம் ஓடுது. நான் கத்துக்குடுத்த கைங்களாச்சே.

— புது பம்பாட்டமா.

— ஏன் மூஞ்சி அப்படிப் போவுது? நம்ம பழைய மிக்சியவே பாரு. நான் பிரிச்சித் தொடச்சி வெக்கிறதால தான இன்னிக்கும் புதுசாட்டம் ஓடுது.

— செத்த உக்காருங்க. அது புதுசுதாங்க.

— எது?

— அடுப்பாண்ட இருக்கறது. நம்ம புள்ள ஜோஸ்வின் நிச்சயதார்த்தத்தப்ப பழசு பொகஞ்சி போச்சு. நீங்க கப்பல்ல. வூடு நெறைய ஆளு. ஜல்தியா பொட்டியப் பிரிச்சி இத எடுத்தேன். பழச உள்ள வெச்சி டேப்பு ஒட்டி மேல போட்டுட்டேன். சொன்னா பேஜாரு பண்ணுவீங்க. அப்பறம் நீங்க தொடச்சித் தொடச்சிப் பெருமப்பட்டுக்கினீங்களா, சொல்ல மனசே வரல.

— அப்ப நான் இத்தினி நாளா சர்வீஸ் பண்ணது?

— புதுசத்தான். நல்லாத்தான் பண்ணீங்க.

— சிரிக்காத மேரி.

— நீங்கதான் மொதல்ல சிரிச்சீங்க.

— இரு, போன் அடிக்குது. இன்னாசிராஜ்தான் பேசறேன், சொல்லு தம்பி. கெடச்சிச்சா? நல்லது. தொறந்துட்டியா? ம். ம். துணி சுத்தியா? சரி தம்பி, வை. நானே கூப்டறேன்.

— இன்னாவாம்?

— பொட்டிக்குள்ள பழைய பம்பு.

— அப்ப கப்பல்லயும் ஒரு அற்புதமேரி இருந்திருக்கா.

— இத்தினி வருஷம் உன்னத் தனியா வுட்டுட்டு இருந்தேன். மறுபடியும் வுட்டுட்டுப் போவ எனக்குக் கால் வரல மேரி.

— யாரு வுட்டுட்டுப் போவச் சொன்னா? அந்தப் பொட்டிக்குப் பின்னால என் சூட்கேசு இருக்குது, அத எறக்குங்க.