டெப்பை மூடிய கை

ஏழரை மணி இருக்கும்... கொழும்புக்கு வடக்கே ஹெந்தளைக் கால்வாயோரப் பாதை. தொண்ணூற்றாறாம் ஆண்டு, ஊரெல்லாம் கரண்ட் வெட்டு நடந்த காலம். ஒரு பக்கம் கறுப்புத் தண்ணீர். மறுபக்கம் தென்னந்தோட்டம். ஆள் நடமாட்டம் இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை.

நம் கூட்டாளி காளியப்பனுடைய மச்சான் சிவமணிக்கு நடந்தது இது. ஆள் வெள்ளவத்தையில் இருந்தான். ஹெந்தளையில் ஒரு ஹோட்டலில் ஃப்ரிட்ஜ் திருத்துகிற வேலை. சண்டை நடந்த அந்த நாட்களில் ஒரு தமிழன் இருட்டில், நடுவழியில், தனியே நிற்கக் கூடாது. அந்தப் பயத்தில்தான் பஸ்ஸை நம்பாமல் ஒரு பழைய ஹொண்டா வாங்கினான்.

விற்றவள் கொட்டாஞ்சேனை மேபல். அவளுடைய தம்பி ஒஸ்வால்டின் மோட்டார் சைக்கிள் அது. ஆறு வருடங்களுக்கு முன் இரண்டு பேர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். சின்ன விசாரணை, இப்போது விட்டுவிடுவோம் என்று ஒஸ்வால்டைக் கூட்டிப் போனார்கள். மோட்டார் சைக்கிள் முற்றத்திலேயே நின்றது. அவன் வரவேயில்லை. அந்த வருடங்களில் தமிழ், சிங்களம் என்று பாராமல் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் போனார்கள்.

அன்றைக்குக் கால்வாயோரம் வந்துகொண்டிருந்தபோது சிவமணியின் வண்டியில் எஞ்சின் இருமியது. இழுத்தது... அணைந்தது.

பெற்றோல் முடிந்திருக்கும் என்று நினைத்தான். பழைய வண்டியில் பெற்றோல் முள் ஏது? டாங்கிக்குக் கீழே இடப்பக்கம் பெற்றோலைத் திறந்து மூட ஒரு டெப் இருக்கும். அதன் பிடி கீழே பார்த்தால் திறந்திருக்கிறது. மேலே திருப்பினால் ரிசர்வ், அடியில் மிச்சம் இருக்கிற கொஞ்சப் பெற்றோல் வரும். குறுக்கே கிடந்தால் மூடியிருக்கிறது. ரிசர்வுக்குத் திருப்பலாம் என்று இருட்டில் கையை விட்டான்.

பிடி குறுக்கே கிடந்தது.

திறக்க மறந்திருப்பேனோ என்று யோசித்தான். அதுவும் சரிவரவில்லை. டெப்பை மூடினாலும் காபரேட்டரில் நிற்கிற பெற்றோலில் வண்டி கொஞ்சத் தூரம் ஓடும்தான். ஆனால் ஹோட்டலில் இருந்து இவ்வளவு தூரம் ஓடாது. அப்படியென்றால், ஓடிக்கொண்டிருக்கும்போது... நடுவழியில்... யாரோ மூடியிருக்க வேண்டும்.

டெப்பைத் திறந்தான். பெற்றோல் இறங்குகிற சின்னச் சத்தம் கேட்டது. உதைத்தான். பற்றியது. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டான்.

அடுத்த நாளும் அதே இடம். பாசி பிடித்த ஒரு உடைந்த மதில். அதே குறுக்குப் பிடி.

மூன்றாம் நாள் அவன் ஒரு காரியம் செய்தான். மதிலுக்குக் கொஞ்சத் தூரம் முன்னால் ஒரு சிறிய மதகு இருக்கிறது. அதை நெருங்கும்போதே இடக்கையை இறக்கி டெப்பைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் ஓட்டினான்.

மதகைத் தாண்டினான்... அவன் கைக்கு மேலே இன்னொரு கை வந்தது.

ஈரக் கை. கிணற்றுத் தண்ணீர்க் குளிர். பறிக்கவில்லை, முரட்டுத்தனம் இல்லை. தூங்குகிற பிள்ளையின் கையை விலக்குவதுபோல அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, பிடியைத் திருப்பியது. டிக்.

மதிலடியில் எஞ்சின் அணைந்தது. அந்த அமைதியில் பின் சீற்றின் ஸ்பிரிங் கிறீச்சென்று எழும்பியது. யாரோ இறங்கினால் எழும்புமே, அப்படி. பிறகு மணலில் காலடி... மதில்வரைக்கும் போய் நின்றது. ஊறிப்போன துணியின் மணம் அடித்தது.

எப்படியோ வண்டியைக் கிளப்பி வீடு வந்து, விடிந்ததும் மேபலின் வாசலுக்குப் போனான்.

"அக்கா, இந்த மோட்டார் சைக்கிள் எனக்கு வேணாம். வழியில நிக்குது."

மேபல் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தாள். "டெப் மூடியிருக்குமா?"

சிவமணி தலையாட்டினான்.

"தம்பிட பழக்கம் அது," என்றாள். "போற இடம் கிட்ட வரேக்கையே டெப்பை மூடிடுவான். மிச்சப் பெற்றோல்ல ஓடி, சரியா வாசல்ல வந்து சத்தமில்லாம நிக்கும். கோயில் முடக்கில திரும்பேக்க மூடினா எங்கட கேட்டடியில நிக்கும்... எங்க நிக்குது, சிவமணி?"

சொன்னான்.

"அங்க எங்களுக்கு ஒருத்தரும் இல்லையே." அவள் படியிறங்கி வந்தாள். "இண்டைக்கு அந்த நேரத்துக்கே என்னை அங்க கூட்டிட்டுப் போங்க."

"இருட்டில சரியில்ல அக்கா. ஆமி ஜீப் வந்தா என்ன சொல்றது?"

"ஆறு வருசமா ஒவ்வொரு வாசலா ஏறி இறங்கிட்டன். யாரும் ஒரு இடம் சொல்லேல்ல. இதுதான் சொல்லுது."

அன்று இருட்டியதும் போனார்கள். மதகு வந்தது. டிக் என்ற சத்தம் மேபலுக்கும் கேட்டது. அவள் அவனுடைய சட்டையை இறுக்கிப் பிடித்தாள். மதிலடியில் நின்றதும் இறங்கி, உடைந்த இடத்தால் உள்ளே போனாள். சிவமணி டோர்ச் அடித்தான். புல்லுக்குள் ஒரு பழைய கிணறு. வாய்க்கு மேலே கொங்கிறீட் போட்டு மூடியிருந்தது.

மேபல் முழந்தாளிட்டு அந்தக் கொங்கிறீட்டில் கன்னத்தை வைத்தாள். "ஒஸ்வால்ட், வா. வீட்ட போவம்."

தூரத்தில் ஜீப் வெளிச்சம் திரும்பியது. சிவமணி அவளை இழுத்துக்கொண்டு ஓடி வந்து வண்டியை உதைத்தான்.

வண்டி பாரமாக இருந்தது. பின் டயர் நசிந்து உரசியது. பின்னால் மேபலை மட்டும் ஏற்றிய பாரம் இல்லை அது. கொட்டாஞ்சேனை கோயில் முடக்கில் டெப் தானாக மூடிக்கொண்டது. வண்டி சத்தமில்லாமல் உருண்டு மேபலின் கேட்டடியில் நின்றது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். கேட்டைத் திறந்து, தான் உள்ளே போகாமல், பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகுதான் போனாள். வெறும் சீமெந்தில் அவளுக்கு முன்னால் ஈரப் பாதங்கள் உள்ளே போயிருந்ததைச் சிவமணி கண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனான். மேபல் கதவைப் பாதிதான் திறந்தாள். கண் குழி விழுந்திருந்தது. நித்திரை கொண்ட முகமில்லை.

"தம்பி எப்படி, அக்கா?" எப்படிக் கேட்பதென்று தெரியாமல் அப்படிக் கேட்டுவிட்டான்.

மேபல் ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்தாள். பிறகு அவன் காதுக்குக் கிட்ட வந்து, மெதுவாகச் சொன்னாள்.

"இது ஒஸ்வால்ட் இல்ல, சிவமணி. அந்தக் கிணத்தில அவனோட கிடந்த வேற யாரோ பெத்த பிள்ளை... இரவெல்லாம் என்ட கட்டிலடியில இருந்து, சிங்களத்தில அதிட அம்மாவைக் கூப்பிடுது."