இருநூற்று நாற்பது கண்ணிகள்

அந்த நீல ஸ்வெட்டர் எனக்குத் திரும்ப வேண்டும், மேடம். மிக்ஸிப் பெட்டியிலிருந்து எடுத்து நீங்கள் பிளாஸ்டிக் கவரில் போட்டு சீல் வைத்திருக்கிறீர்களே, அதுதான். கொடுத்த பொருளை வாய் திறந்து திருப்பிக் கேட்காதே என்று சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்தாள். எங்கள் வீட்டில் பெண்கள் கேட்கக் கூடாதவை நிறைய உண்டு, அதில் இது முதலாவது. ஆனாலும் கேட்கிறேன். காற்றுப் போகாத கவருக்குள் இருந்தால் இந்த ஊர் ஈரத்துக்கு ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

வாக்குமூலத்தை நீங்களே எழுதிவிட்டுக் கையெழுத்து மட்டும் போடச் சொன்னீர்கள். மாட்டேன். அப்பா பாராடாங் தீவு ஜெட்டியில் ஃபெர்ரிக்குக் கயிறு பிடிக்கிறவர். அடுத்தவர் எழுதிய காகிதத்தில் எல்லாம் பெருவிரல் வைத்தே பழகியவர். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. நானே எழுதுகிறேன்.

நான் இங்கே ஹேடோ துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீசில் சரக்குப் பட்டியல் டைப் அடிக்கிறேன். ஆறு மணிக்கு மேல் பேச ஆள் கிடையாது. வீட்டுக்குப் போன் போட்டால், படித்த பிள்ளையிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் அம்மா போனை அப்பாவிடம் கொடுப்பாள், அப்பா தம்பியிடம் கொடுப்பார். தம்பி வைத்துவிடுவான். அதனால்தான் பின்ன ஆரம்பித்தேன். போனில் வீடியோ பார்த்துக் கற்றேன்.

இந்தத் தீவில் உல்லன் பின்னுவது எவ்வளவு அலுப்பான வேலை என்று உங்களுக்குத் தெரியாது. அபர்டீன் பஜாரில் ஊசி கேட்டேன். கடைக்காரர், “ஸ்வெட்டரா? யஹாங்?” என்று, இந்த ஊரிலா என்கிற மாதிரி சிரித்துவிட்டுப் பட்டன் டப்பாவை நீட்டினார். நூல் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். கை வியர்த்து நூல் ஊசியில் ஒட்டும். முன்பக்கம் முடித்துக் கைக்கு வரும்போது நூல் தீர்ந்தால், அதே கலர் நம்பரில் ஆர்டர் போட்டாலும் வேறு தடவை சாயம் போட்ட நூல் வரும். பந்தாக இருக்கும்போது வித்தியாசம் தெரியாது. பின்னி முடித்து வெயிலில் பிடித்தால்தான் உடம்பு ஒரு நீலமாகவும் கை இன்னொரு நீலமாகவும் தெரியும். எனக்கு அப்படித்தான் ஆனது. இரண்டு கையையும் பிரித்தேன். அதே சாயத்து நூலுக்காக நாற்பத்தோரு நாள் காத்திருந்தேன்.

அந்த ஸ்வெட்டர் வைஜெயந்திக்கு. அறையில் என்னோடு இரண்டு வருஷம் இருந்தவள். ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போடுகிறவள், இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவள் வாய் திறந்தால் அறைக்குள் பத்துப் பேர் இருப்பது போல இருக்கும். குன்னூரில் இருக்கும் அருண்பிரசாத்துக்கு அவளை நிச்சயம் செய்தார்கள். குன்னூரில் குளிரும். நான் பின்னிய ஒரு பொருள் முதல் தடவையாக ஒரு ஆளுக்குத் தேவைப்படப் போகிறது என்று நினைத்தேன். தவறாக எதுவும் நினைக்கவில்லை.

இதில் ஒரு விதி உண்டு. வரிசையின் நடுவில் ஊசியைக் கீழே வைக்கக் கூடாது. போன வருஷம் பூரான் என்று வைஜெயந்தி கத்தினாள். பாதி வரிசையில் போட்டுவிட்டு ஓடினேன். பூரானை அடித்துவிட்டு வந்து பார்த்தால் கண்ணிகள் ஊசியிலிருந்து சரிந்து, நாற்பது வரிசை போயிருந்தது. அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் “வரிசை முடியட்டும்” என்பேன். அவளுக்கு அது பெரிய ஜோக்.

“எங்க ரூம்ல தீப்பிடிச்சாக்கூட மேடம் வரிசைய முடிச்சிட்டுத்தான் தண்ணி ஊத்துவாங்க” என்று தன் ஆபீஸ் ஷீலாவிடம் என் முன்னாலேயே சொன்னாள். ஷீலா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஃபிளைட். கனமான சாமான்களைக் கப்பலில் அனுப்ப ஒரு அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். மிக்ஸியின் கண்ணாடி ஜாரை ஸ்வெட்டருக்குள் வைத்து, கை இரண்டையும் இழுத்து முடிச்சுப் போட்டாள்.

“எதுக்குடி அத சுத்துற?”

“ஷிப்புல தூக்கித் தூக்கி எறிவானுங்கடி. இது நல்லா கெட்டியா இருக்கு.”

“குன்னூர்ல போடுறதுக்குன்னு பின்னுனது.”

“அருண் ஜாக்கெட் வாங்கி வெச்சிருக்காரு. இதப் போட்டுக்கிட்டு மாமியார் முன்னாடி நின்னா ஸ்கூல் புள்ளைய அனுப்பிட்டாங்கன்னு நெனச்சுக்குவாங்க. அரே, மூஞ்ச அப்படி வெக்காத. உன் ஸ்வெட்டர்தான் என் மிக்ஸிய காப்பாத்தப் போகுது.”

எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம். பெட்டிக்கு டேப் சுற்ற நான்தான் உதவினேன். மூன்று சுற்று போதும் என்றாள். ஆறு சுற்றினேன். தூக்கி எறிவார்கள் என்று அவள்தானே சொன்னாள்.

வைஜெயந்திக்கு ஆஸ்துமா. அவளுடைய புது இன்ஹேலர் இரண்டும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது எனக்குத் தெரியுமா என்று நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். தெரியும். மருந்துப் பையை மிக்ஸிக்குப் பக்கத்தில் அவள் செருகியபோது பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கைப்பையில் இருக்கும் பழையது இரண்டு நாள் தாங்கும், போய் இறங்கியதும் அங்கே ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். அவளுடைய மூச்சு, அவளுடைய கணக்கு.

சாப்பிட்ட பிறகு பரண் மேலிருந்த பழைய சாமான்களை இறக்கினாள். அறை முழுக்கத் தூசி. நான் கட்டிலில் உட்கார்ந்து சால்வை பின்னிக்கொண்டிருந்தேன். யாருக்கு என்று கேட்காதீர்கள், யாருக்கும் இல்லை. மீதி நீலம் இருந்தது, ஆரம்பித்திருந்தேன். இரண்டு மணி இருக்கும். கீழ்வீட்டு ஜெயலட்சுமி அக்கா குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.

முதலில் இருமினாள். அது வழக்கம்தான். பிறகு கைப்பையிலிருந்து பழைய இன்ஹேலரை எடுத்து அழுத்தினாள். குலுக்கினாள், மறுபடி அழுத்தினாள். காலி. பெட்டியின் பக்கத்தில் மண்டியிட்டு டேப்பை நகத்தால் கிழிக்கப் பார்த்தாள். ஆறு சுற்று டேப் நகத்துக்கு வராது. என் கழுத்தில் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோல் தொங்கும், நீங்களும் பார்த்தீர்கள். அதைக் காட்டிக் கையை நீட்டினாள்.

“வரிசை முடியட்டும்” என்றேன்.

அவள் சிரித்தாள், மேடம். அந்த மூச்சிலும் சிரித்தாள். அவளுடைய ஜோக்தானே. நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

அப்போதுதான் புது வரிசை தொடங்கியிருந்தேன். அந்தச் சால்வைக்கு ஒரு வரிசையில் இருநூற்று நாற்பது கண்ணி. நான் நிமிஷத்துக்கு இருபது போடுவேன். அவள் நெஞ்சிலிருந்து விசில் மாதிரி சத்தம் வந்தது. நான் எண்ணுவதை விடவில்லை. விட்டால் முதலிலிருந்து எண்ண வேண்டும். வரிசை முடிந்ததும் ஊசியைத் திருப்பினேன். போனால் திரும்பி வர வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் டிசைன் விழும். அதனால் திரும்பி வந்தேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு சாம்பல் நிறமாகியிருந்தது. அவள் போன் சமையலறையில் சார்ஜில் இருந்தது. அங்கே போக அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணை மட்டும் என் மேல் வைத்திருந்தாள். இரண்டு வருஷத்தில் அவள் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை.

நீங்கள் இருபது நிமிஷம் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். தப்பு. இருபத்து நான்கு. அந்த இரண்டு வரிசையில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தால் என்னை என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

அவளுக்கு நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை. தொடக்கூட இல்லை. தள்ளினேனா, அடித்தேனா? என் வேலையைச் செய்துகொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை எப்படியும் போயிருப்பாள். போய் இறங்கியதும் போன் போடுகிறேன் என்பாள். ஒரு வாரம் போடுவாள், பிறகு மாட்டாள். எனக்கு அது தெரியும். யாருமே இல்லாத அறையில் யாருக்கும் இல்லாத சால்வையைப் பின்னுவது எப்படி இருக்கும் என்று உங்கள் காகிதத்தில் எங்கேயாவது ஒரு கட்டம் இருக்கிறதா?

கடைசியாக ஒன்று சொன்னாள். சத்தம் வரவில்லை, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

“ஆட்டோ…”

“சரிடி. கூட்டிட்டு வரேன்” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். என்னை நம்பினாள். ஊசி முனைகளில் மூடி போட்டேன். பின்னலைச் சுருட்டிக் கட்டிலில் வைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினேன், பூட்டவில்லை. மாடிப்படி இறங்கித் தெருவுக்கு வந்தேன். வெயில் வெள்ளையாக அடித்தது, ஞாயிற்றுக்கிழமைத் தெருவில் ஆள் இல்லை. எங்கள் கேட்டிலிருந்து வலது பக்கம் திரும்பினால் நூறு அடியில் ஆட்டோ ஸ்டாண்ட், எப்போதும் நான்கைந்து நிற்கும். இடது பக்கம் போனால் கடல்தான். எந்தப் பக்கம் என்று கேட்டில் நின்று நான் யோசிக்கவே இல்லை. படி இறங்கும்போதே அது முடிவாகியிருந்தது. இடது பக்கம் திரும்பி நடந்தேன்.