ஆறிப்போன கஞ்சி

மழைக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டாய், நல்லது. நாற்காலியில் படுத்திருக்கும் நாயை இறக்கிவிட்டு உட்கார், ஹெஸ்டர். கடிக்காது. வயதாகிவிட்டதால் முறைக்க மட்டும் செய்யும், என்னைப் போல.

ஒலிப்பதிவுக் கருவியைப் பையிலிருந்து எடுத்து மேசைமேலேயே வை. பையை என் பக்கம் திருப்பித் திருப்பி நீ படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை. மாதா கோவிலில் உன் தலையில் தண்ணீர் ஊற்றியபோது உன்னைக் கையில் ஏந்தி நின்றவன் நான். ஞானத்தந்தையிடம் எதற்கு ஒளிவுமறைவு? நீ கேட்க வந்தது ஒன்றே ஒன்று. கென்ட் கடற்கரை அகதிகள் முகாமில் பதினான்கு பேர் வெந்து செத்தார்களே, அந்தப் பின்கதவைப் பூட்டச் சொன்னது உன் அப்பாவா? உன் அம்மா இருபது வருடமாக அந்தப் பெயரோடு கடைத்தெருவுக்குப் போய் வருகிறாள். நியாயமான கேள்விதான். ஆனால் கஞ்சியிலிருந்து ஆரம்பித்தால்தான் உனக்குப் புரியும்.

நானும் உன் அப்பா ஆம்ப்ரோஸும் மெல்காம்ப் பள்ளியில் ஒரே விடுதி. அவனை 'அவர்' என்று சொல்ல எனக்கு வாய் வராது, பொறுத்துக்கொள். எங்கள் விடுதியில் ஏதாவது தப்பு நடந்தால், மறுநாள் காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு வார்டன் ஹாலம் வருவார். எல்லோர் முன்னும் ஓட்ஸ் கஞ்சி ஆவி பறந்துகொண்டிருக்கும்.

"யாரு பண்ணினதுன்னு நான் கேக்கலை, பசங்களா. யாரு எழுந்திரிக்கிறீங்க?" என்பார்.

யாராவது எழும்வரை ஒருவரும் கரண்டியைத் தொடக் கூடாது. கஞ்சி ஆறும், ஏடு படியும், ஓரத்தில் விரிசல் விடும். கடைசியில் ஒருவன் எழுவான். அவன்தான் செய்தானா என்று யாரும் விசாரிப்பதில்லை. அது அநாகரிகம். விடுதித் தலைவன் அவனைப் பிரம்பால் அடிப்பான். அடி வாங்கியவன் அடித்தவனுக்குக் கை கொடுத்து நன்றி சொல்வான். அதோடு கதை முடிந்தது. அதற்குமேல் அதைப் பற்றி மூச்சு விடுகிறவனை நாங்கள் மனிதனாகவே மதிப்பதில்லை. வெளியில் இருப்பவர்களுக்கு இது கொடுமையாகத் தெரியலாம். எங்கள் மந்திரிசபையில் ஏழு பேர் இந்தக் கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள்.

உன் தாத்தா ஓர் ஏழைப் பாதிரியார். ஆம்ப்ரோஸ் உதவித்தொகையில் படித்தான், மாமாவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். தோள் இரண்டும் தொங்கும்.

"டேய் பாதிரி, இது உங்கப்பன் உண்டியல்ல விழுந்த கோட்டாடா?" என்று கேட்போம். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். இரண்டு வருடம் அவன் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

அப்போது நாரிஸ் என்று ஒருவன் இருந்தான். எப்போதும் தொண்டைக்குள் ஏதாவது பாட்டை முனகிக்கொண்டே இருப்பான். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரார்த்தனைக்குப் போகுமுன், அவனைத் துணி உலர்த்தும் அறைக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டேன். சுவர் முழுக்க வெந்நீர்க் குழாய் ஓடும் அறை. பிரார்த்தனை முடிந்ததும் திறந்துவிடுவதாகத்தான் இருந்தேன். ஆனால் அன்று வெயில் அருமையாக இருந்தது, ஆற்றில் படகு விடப் போய்விட்டேன். மாலைத் தேநீர் நேரத்தில்தான் கண்டுபிடித்தார்கள். உயிர் இருந்தது. ஊருக்கு அழைத்துப் போனார்கள், திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவன் பாடியதாகத் தகவல் இல்லை.

மறுநாள் காலை ஹாலம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, ஹெஸ்டர். இதைக் கவனமாகக் கேட்டுக்கொள். நான் ஆம்ப்ரோஸின் கோட்டைப் பார்த்தேன், அவ்வளவுதான். நான் பார்ப்பதைப் பக்கத்து மேசை பார்த்தது. பிறகு மொத்தக் கூடமும் அந்தக் கோட்டைப் பார்த்தது. கஞ்சியில் ஏடு படிவதற்குள் அவன் எழுந்துவிட்டான்.

பன்னிரண்டு அடி. அடித்தது நான்தான், ஏனென்றால் அந்த வருடம் விடுதித் தலைவன் நான். வேகத்தைக் குறைத்து அடிக்கவில்லை, குறைத்தால் அது அவனுக்கு அவமரியாதை. முடிந்ததும் சட்டையைச் சரிசெய்துகொண்டு என்னிடம் கையை நீட்டினான்.

"தேங்க்ஸ், கிரெஸ்வெல்."

அன்றைக்கு அவனை எங்கள் மேசைக்கு அழைத்தேன். உட்கார முடியாமல் நின்றுகொண்டே சாப்பிட்டான். ரொட்டியில் ஜாம் தடவி என் கையாலேயே கொடுத்தேன். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அதன்பின் நான் போன இடமெல்லாம் அவன் வந்தான். நான் தேர்தலில் நின்றபோது வீடுவீடாகப் போனான், நான் உள்துறை அமைச்சரானபோது அவன் என் இணை அமைச்சர். எனக்கு அவனை உண்மையிலேயே பிடிக்கும்.

இனி முகாம். பழைய ராணுவக் குடியிருப்பு அது. பின்வாசல் வழியாக அகதிகள் ஊருக்குள் நடமாடுகிறார்கள் என்று உள்ளூர்க்காரர்கள் புகார் எழுதினார்கள். ஓட்டுப் போடுகிறவர்கள் அவர்கள். தீப்பிடித்தால் வெளியேற இருக்கும் ஒரே வழி அந்தக் கதவு, அதைப் பூட்டக் கூடாது என்று ஓர் அதிகாரி இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு அனுப்பினார். நல்ல ஆங்கிலம், கொஞ்சம் நீளம். ஓரத்தில் பச்சை மையில் நான் எழுதினேன்: 'வெளியிலிருந்து தாழ்ப்பாள் போடவும்.' ஐந்து வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, யாரோ மின்சார அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டு மறந்துபோனார்கள். எண்ணெயை வைத்தது நான் இல்லை.

ஒரு பெண் நீதிபதியின் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார்கள். நான் எழுதிய மூலத்தாள் அலுவலகத்தில் இல்லை. தீப்பற்றிய அன்றே ஆம்ப்ரோஸ் அதைக் கோப்பிலிருந்து உருவி எடுத்துவிட்டான், என்னைக் காப்பாற்ற. ஆனால் செத்தவர்களின் படங்கள் பத்திரிகையில் வந்த பிறகு ஆள் மாறிப்போனான். ஒருநாள் என் அறைக்கு வந்து நின்றான்.

"திங்கக்கிழமை அந்தத் தாளை ஜட்ஜம்மா கையில குடுக்கப்போறேன். என்னால தாங்க முடியலடா."

"குடு. சனிக்கிழமை கஞ்சிக்கு வருவேல்ல?" என்றேன்.

உனக்குத் தெரியும், பள்ளி ஆண்டு விழா அன்று பழைய மாணவர்கள் அதே பெஞ்சில் உட்கார்ந்து அதே கஞ்சியைக் குடிப்போம். தொந்தியும் வழுக்கையுமாக நாற்பது பேர். அந்த வருடம் ஒரு பிஷப், இரண்டு முன்னாள் அமைச்சர்கள், உன் கட்டுரையை நீ கொடுக்கப்போகிற பத்திரிகையின் முதலாளி. ஹாலமைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தொண்ணூற்றொரு வயது. நான் குனிந்து அவர் காதில், "சார், பழைய கேள்விய ஒரு தடவை கேளுங்க, பசங்க ஆசைப்படறாங்க" என்றேன்.

கிழவருக்குக் குரல் இன்னும் இருந்தது. "யாரு பண்ணினதுன்னு நான் கேக்கலை, பசங்களா. யாரு எழுந்திரிக்கிறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கியது. யாரும் கரண்டியை எடுக்கவில்லை. நாற்பது பேருக்கும் அந்தக் கேள்வி எதற்காக என்று தெரியும், பத்திரிகை படிக்கிறவர்கள்தானே. நான் ஆம்ப்ரோஸின் கோட்டைப் பார்த்தேன். அப்போது அவன் நல்ல தையற்காரரிடம் தைத்துக்கொள்வான். ஆனாலும் தோள் தொங்கிய மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

இந்த முறை நேரமானது. ஏடு படிந்தது, விரிசலும் விட்டது. பிஷப், "அட, ஆறுதுப்பா" என்று மெல்லச் சொன்னார். உன் அப்பா, ஐம்பத்தேழு வயதுக்காரன், பெஞ்சைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றான்.

காலணிகள் வைக்கும் அறையில் வைத்து, அந்தத் தாள் இருந்த உறையை என்னிடம் கொடுத்தான். சிறை ஒரு வருடம்தான், வெளியே வந்ததும் பிரபுக்கள் சபையில் இடம் என்றேன். அவன் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. கையை நீட்டி நன்றி சொன்னான். தாளை ஹாலமின் அறையில் எரிந்துகொண்டிருந்த கணப்பு அடுப்பில் போட்டேன். திங்கட்கிழமை, பூட்டச் சொன்னது தான்தான் என்று நீதிபதியிடம் சொன்னான். வழக்கு நடந்து ஆறு வருடம் சிறை கொடுத்தார்கள். எனக்கே அதிர்ச்சிதான்.

நன்றி கெட்டவன் இல்லை நான். சிறைக்குப் போய்ப் பார்த்தேன். மெலிந்திருந்தான், இருதயம் சரியில்லை என்றார்கள். சிறைச் சட்டையும் அவனுக்குத் தொளதொளவென்றுதான் இருந்தது. நான் வானிலை பற்றிப் பேசினேன்.

"பதினாலு பேரோட பேரும் எனக்கு மனப்பாடம். உனக்கு ஒரு பேராவது தெரியுமா?" என்றான்.

"ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்" என்றேன். உண்மையாகவே கேட்பதாகத்தான் இருந்தேன்.

கிளம்பும்போது கையை நீட்டினேன். காவலர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்ப்ரோஸ் தன் இரண்டு கைகளையும் மேசைக்கடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், முப்பது வரை. அவன் கை மேலே வரவே இல்லை. நாற்பது வருடப் பழக்கத்தில் அவன் அப்படிச் செய்ததில்லை. எங்கள் விடுதியில் யாருமே செய்ததில்லை. அன்று எனக்கு மனம் மிகவும் புண்பட்டது, மறைக்க மாட்டேன். காரில் ஏறிய பிறகும் கை நீட்டினபடியே இருந்த மாதிரி இருந்தது.

அதற்குள் என்னைச் சட்ட அமைச்சராக மாற்றியிருந்தார்கள். உடல்நிலை காரணமாகக் கைதியை முன்கூட்டி விடுவிக்கும் மனுக்கள் என் மேசைக்கு வரும். அன்று பிற்பகல் வந்த மனுக்களில் மேலாக இருந்தது உன்னுடையது. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு அழகான கையெழுத்து. மருத்துவர் சான்றிதழ் இணைத்திருந்தாய். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டால் இன்னும் சில வருடம் இருப்பார் என்று எழுதியிருந்தாய். முழுவதும் இரண்டு முறை படித்தேன். ஓரத்தில் பச்சை மையில் 'வேண்டாம்' என்று எழுதினேன். கோபத்தில் எழுதியதல்ல. நண்பனுக்குச் சலுகை காட்டினான் என்று நாளை யாரும் சொல்லிவிடக் கூடாது. பதினோராம் நாள் அவன் போய்விட்டான்.

எல்லாம் பதிவாகிவிட்டதா? சரிபார்த்துக்கொள். எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்க் கொடு, நான் மறுக்க மாட்டேன். அதைப் பத்திரிகையில் போடலாமா என்று அவர்கள் ஒரு காலைச் சாப்பாட்டு நேரத்தில் கூடிப் பேசுவார்கள். அங்கே யாராவது ஒருவர் எழுந்து நிற்பார். அது நானாக இருக்காது.

மழை வந்துவிட்டது, கிளம்பு. உன் கையை எதற்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாய்? அப்படியே அப்பா. பரவாயில்லை. உன் அம்மாவிடம் மட்டும் ஒன்றைச் சொல். இருபது வருடமாக அவள் மனதைப் போட்டு அலட்டிக்கொண்டிருப்பாள், பாவம். அன்றைக்குக் கை கொடுக்காமல் இருந்ததற்காக ஆம்ப்ரோஸை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன் என்று சொல்.