பாலம் வழியா, மலை வழியா

வெர்லின்: மலையெல்லாம் ஏறி இறங்கி, அந்தக் கடலோரம் வரைக்கும் போயி... பாஸ்போர்ட்டுல ஒரு முத்திரைக்கா? புத்தி இருக்கா உங்களுக்கு?

எவாரிஸ்தோ: மெதுவா, மிஸ் வெர்லின். மாவுக் கையை என் பக்கம் ஆட்டாதீங்க. சட்டை இப்பத்தான் துவைச்சது.

வெர்லின்: துவைச்சது யாரு?

எவாரிஸ்தோ: நீங்கதான். அதான் சொல்றேன், மறுபடி உங்களுக்குத்தான் வேலை.

வெர்லின்: பேச்சை மாத்தாதீங்க. வாசல்ல பஸ் ஏறினா, வாழைத் தோட்டம் தாண்டி, வெயில் ஏறறதுக்குள்ள எல்லையில சிக்சாவோலா. பாலத்தை நடந்து கடந்தா பனாமா. அங்க ஒரு முத்திரை, திரும்பி வரும்போது இங்க ஒரு முத்திரை, தங்கற தவணை புதுசாயிடும். இத்தனை வருஷமா சுற்றுலாப் பயணின்னு பேர் பண்ணிக்கிட்டு, என் பின்கட்டு அறையில அப்படித்தானே குடியிருக்கீங்க?

எவாரிஸ்தோ: பேர் பண்ணிக்கிட்டா? நான் நிஜமாவே சுற்றுலாப் பயணிதான், அம்மணி.

வெர்லின்: என்னத்தைச் சுத்திப் பார்த்தீங்க? கோழிக்கூட்டையா?

எவாரிஸ்தோ: ஞாயித்துக்கிழமை ஆராதனையில ஆர்மோனியம் வாசிக்கிறப்போ உங்க பாட்டுக் கூட்டத்தைப் பார்க்கிறேனே. எங்க உருகுவேயில எந்த மூலையிலயும் அப்படி ஒரு சுருதி கேட்க முடியாது.

வெர்லின்: அது பாராட்டா?

எவாரிஸ்தோ: மதியச் சாப்பாடு ஆகிற வரைக்கும் பாராட்டுதான்.

வெர்லின்: ம்ம்... வாய் மட்டும் குறையில்ல. இப்ப சொல்லுங்க. சிக்சாவோலாவுக்கு என்ன கேடு? ஏன் மலைக்கு அந்தப் பக்கத்து எல்லை, பாசோ கனோவாஸ்?

எவாரிஸ்தோ: அதான் சொன்னேனே... போன தடவை பாலத்து ஆபீஸ்ல கண்ணாடிக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்த பையன்...

வெர்லின்: என்ன சொன்னான்? அப்படியே சொல்லுங்க.

எவாரிஸ்தோ: பாஸ்போர்ட்டைப் புரட்டினான். புரட்டினான்... புரட்டிக்கிட்டே இருந்தான். அப்புறம், "பெரியவரே, எல்லாப் பக்கத்திலயும் இந்தப் பாலத்து முத்திரைதான் இருக்கு. அடுத்த தடவை உள்ள விடறதைப் பத்தி யோசிக்கணும்"னான்.

வெர்லின்: யோசிக்கணும்னுதானே சொன்னான்? விடமாட்டேன்னு சொல்லலையே?

எவாரிஸ்தோ: அரசாங்கத்து ஆளு யோசிக்க ஆரம்பிச்சா நல்லதா முடியுமா? பாலத்துக்கு அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் என் ஆர்மோனியம். நல்லா இருக்குமா?

வெர்லின்: எல்லாம் நீங்க இழுத்து விட்டுக்கிட்டது. நாட்டை விட்டுத் திரும்பிப் போறதுக்கு பஸ் டிக்கெட் எங்கன்னு கேட்டவன்கிட்ட சர்ச் குலுக்கல் சீட்டை நீட்டினா...

எவாரிஸ்தோ: ரெண்டும் மஞ்சள் கலர்! கண்ணாடி போடல!

வெர்லின்: பரிசு என்ன, வாத்தான்னு கேட்டானாமே?

எவாரிஸ்தோ: கேட்டான். ரெண்டு சீட்டு வேற வாங்கிக்கிட்டான். அதைச் சொல்லமாட்டீங்களே.

வெர்லின்: அப்ப நல்ல பையன்தானே! அவனைப் பார்த்தா பயம்?

எவாரிஸ்தோ: அவன் வேற பையன்... இவன் வேற.

வெர்லின்: சரி, கனோவாஸுக்கே வருவோம். ஒரு தடவை போனீங்களே, ஞாபகம் இருக்கா? ரெண்டு நாள் கழிச்சு என்னத்தோட வந்தீங்க?

எவாரிஸ்தோ: ...வாணலியோட.

வெர்லின்: முத்திரை?

எவாரிஸ்தோ: அந்த ஊர் அப்படி, மிஸ் வெர்லின்! கதவும் கிடையாது, கம்பியும் கிடையாது. தெருவுக்கு இந்தப் பக்கம் நம்ம நாடு, அந்தப் பக்கம் செருப்புக்கடை பனாமாவுல. பராக்குப் பார்த்துக்கிட்டே நடந்தேன். சாப்பிட்டேன், வாணலி வாங்கினேன், திரும்பி பஸ் ஏறிட்டேன். பாதி மலையிலதான், ஐயையோ, எந்த ஆபீஸுக்குள்ளயும் போகலையேன்னு...

வெர்லின்: வெளிநாடு போயிட்டு வந்தது கர்த்தருக்கும் வாணலிக்கும் மட்டும்தான் தெரியும்.

எவாரிஸ்தோ: நல்ல வாணலி அது.

வெர்லின்: நல்ல வாணலிதான், யார் இல்லன்னா? ஆனா அந்த மலை மேல குளிரு... பஸ்ஸுல உங்க முட்டி விறைச்சுப் போயி, இறங்கி நடக்க ஒரு வாரம் ஆச்சு. எண்ணெய் தேய்ச்சு விட்டது யாரு?

எவாரிஸ்தோ: அப்ப வடக்க போறேன். பெனியாஸ் பிளாங்காஸ். நிகராகுவா பக்கம்.

வெர்லின்: லாரி வரிசைக்குப் பின்னாடி, நிழலே இல்லாத வெயில்ல நின்னு வெந்து சாகறதுக்கா? குளிரு இல்லன்னா வெயிலு. பக்கத்துல ஒரு பாலம் இருக்கு, அது மட்டும் ஆகாது!

எவாரிஸ்தோ: ஏன் மிஸ் வெர்லின், அந்தப் பாலத்து மேல உங்களுக்கு அப்படி என்ன பாசம்?

வெர்லின்: எனக்கென்ன பாசம்? உங்க முட்டிக்காகச் சொல்றேன்.

எவாரிஸ்தோ: ஓ... முட்டிக்காக.

வெர்லின்: என்ன "ஓ"? மீசையை எடுத்துட்டுப் போங்க. அந்தப் பையனுக்கு அடையாளம் தெரியாது.

எவாரிஸ்தோ: பாஸ்போர்ட் படத்துல மீசை இருக்கே.

வெர்லின்: அப்ப போதகர்கிட்ட ஒரு கடுதாசி வாங்கித் தர்றேன். "இவர் இல்லாம எங்களுக்குப் பாட்டு வராது"ன்னு.

எவாரிஸ்தோ: பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது, அம்மணி. நான் இருந்தும்தான் வரமாட்டேங்குது.

வெர்லின்: கிழவரே! கரண்டி எங்க வெச்சேன்?

எவாரிஸ்தோ: இருங்க, இருங்க. அடுப்புல ஏதோ தீயுது.

வெர்லின்: தீயல. பான்போன் ரொட்டி. பாகு கருகினாத்தான் அந்தக் கருப்பு நிறம் வரும். உங்களுக்கு வழிச் சாப்பாட்டுக்கு.

எவாரிஸ்தோ: கர்த்தர் உங்களை ஆசீர்வதிக்கட்டும். இஞ்சி வாசனை தூக்குது. மலை வழிக்கு நல்லா இருக்கும்.

வெர்லின்: மலை வழிக்கு ஆகாது.

எவாரிஸ்தோ: ஏன் ஆகாது?

வெர்லின்: கெட்டுப் போயிடும்.

எவாரிஸ்தோ: குளிர்லயா?

வெர்லின்: ...குளிர்ல இறுகிடும்.

எவாரிஸ்தோ: பரவால்ல, காப்பியில தொட்டுக்கறேன்.

வெர்லின்: சொன்னா கேளுங்க! இது பாலத்து வழிக்குச் செஞ்ச ரொட்டி.

எவாரிஸ்தோ: ரொட்டிக்கு வழி இருக்கா, மிஸ் வெர்லின்?

வெர்லின்: இருங்க, அடுப்பைப் பார்க்கறேன்.

எவாரிஸ்தோ: ஒவ்வொரு தடவையும் இவ்வளவு பெரிசா ஒரு ரொட்டி. ஒரு மனுஷன் ஒரு மதியத்துல தின்னு தீர்க்கிற ரொட்டியா அது? திராட்சை மட்டும் ஒரு படி இருக்கும். பல்லு கூட எனக்குப் பாதிதான்.

வெர்லின்: தின்னு முடிச்சேன்னுதானே வந்து சொல்லுவீங்க? ரொம்ப ருசின்னு சொல்லுவீங்க?

எவாரிஸ்தோ: சொல்லுவேன்.

வெர்லின்: அப்ப பொய்ச்சாட்சி யாரு?

எவாரிஸ்தோ: சரி... மாட்டிக்கிட்டேன். நான் தின்னல. ஒரு துண்டுதான். மிச்சத்தை அங்க ஒரு சாப்பாட்டுக்கடையில குடுத்துடுவேன்.

வெர்லின்: பச்சைப் பெயின்ட் அடிச்ச கதவு.

எவாரிஸ்தோ: ஆமா. அங்கதான் குடுக்கறேன்னு எப்படி உங்களுக்கு...

வெர்லின்: அந்தக் கடைக்காரிதான் மிளகாய்ச் சட்னி தருவா. நீங்க அதை எடுத்துட்டு வந்து, சந்தையில வாங்கினேன்னு என் மேசை மேல வைப்பீங்க. எந்தச் சந்தைக்காரன் பாட்டில் மூடிக்கு மேல துணி போட்டு வாழைநார்ல கட்டுவான்? அதுவும் எங்கம்மா போடற முடிச்சு?

எவாரிஸ்தோ: தெரிஞ்சே சும்மா இருந்தீங்களா?

வெர்லின்: நீங்க மட்டும்? அவ என் தங்கச்சின்னு தெரிஞ்சுதானே வாயைத் திறக்கல?

எவாரிஸ்தோ: "அல்தியாங்கற பேரு இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது"ன்னு வாடகைக்கு வந்த அன்னிக்கே சொன்னது யாரு? நான் பேரைக் கொண்டுவரல. சட்னியைத்தான் கொண்டுவந்தேன்.

வெர்லின்: கெட்டிக்காரர்.

எவாரிஸ்தோ: அவளும் அப்படித்தான். ரொட்டியைப் பிரிச்சதும் முகர்ந்து பார்ப்பா. யார் செஞ்சதுன்னு கேட்கவே மாட்டா. ஒரு துண்டை வெட்டித் தனியா மூடி வெச்சுட்டுத்தான் மிச்சத்தைக் கடைக்கு வர்றவங்களுக்குக் குடுப்பா.

வெர்லின்: தனியா வைக்கிறாளா... எதுக்கு?

எவாரிஸ்தோ: நான் கேட்டதில்ல.

வெர்லின்: ...அம்மாவுக்கு. வீட்டுல எது சுட்டாலும் முதல் துண்டு அம்மாவுக்குத்தான் வைப்போம்.

எவாரிஸ்தோ: உட்காருங்க மிஸ் வெர்லின். மாவை நான் மூடி வைக்கிறேன்.

வெர்லின்: உங்களுக்கு ஒண்ணு சொல்லவா? யார்கிட்டயும் சொன்னதில்ல.

எவாரிஸ்தோ: சொல்லுங்க.

வெர்லின்: அம்மா போனன்னிக்கு அவளுக்குப் போன் பண்ணேன். "இங்க இருட்டறதுக்குள்ள வந்துடு, அது வரைக்கும் பாலத்துக் கதவு திறந்திருக்கும்"னேன். ராத்திரி முழுக்க ஊரே உட்கார்ந்து பாடுது, காப்பி போடுறாங்க, டொமினோ ஆடுறாங்க. நான் வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கேன். வரல. விடிஞ்சதும் அடக்கம் பண்ணிட்டோம். எல்லாம் முடிஞ்சு இலை போடற நேரத்துக்கு வந்து நிக்கறா.

எவாரிஸ்தோ: ம்.

வெர்லின்: நான்... எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். "விருந்தாளிங்க சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவாங்க"ன்னு. அவ தலையில இருந்த கருப்புத் தொப்பியைக் கழட்டக் கூட இல்ல. அப்படியே திரும்பிப் போயிட்டா.

எவாரிஸ்தோ: ஏன் வரலேன்னு நீங்க கேட்கலையா?

வெர்லின்: கேட்கல. அவளும் சொல்லல. ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்க இல்லையா? அப்புறம் நீங்க வந்தீங்க. முதல் தடவை பாலம் தாண்டிப் போனீங்க. மறுநாள் வந்து கடிகாரத்தைத் திட்டினீங்களே, ஞாபகம் இருக்கா?

எவாரிஸ்தோ: மறப்பேனா? இங்க இன்னும் பொழுது இருக்கு, ஆனா பனாமாக் கடிகாரம் நம்மளை விட ஒரு மணி நேரம் முன்னாடி ஓடுது. அவன் கணக்குல நேரம் முடிஞ்சு கதவை மூடிட்டான். நான் மூட்டையோட நடுத்தெருவுல. பச்சைக் கதவுக்காரிதான் கூப்பிட்டு, கஞ்சி குடுத்து, கட்டில் போட்டுக் குடுத்தா. "எனக்கும் ஒரு தடவை இந்தக் கதவு மூடிடுச்சு. ராத்திரி பூரா இங்கதான் நின்னேன்"னா.

வெர்லின்: நீங்க அதைச் சொன்னப்பதான்... எனக்கு விளங்கிச்சு. என் கடிகாரத்தைப் பார்த்து நான் வரச் சொல்லியிருக்கேன். நான் சொன்ன நேரத்துக்கே அவ வந்திருக்கா. அவங்க கடிகாரம் கதவை மூடிடுச்சு. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு, நாங்க பாடினது காதுல விழாதான்னு...

எவாரிஸ்தோ: அழாதீங்க. அந்த ஒரு மணி நேர வித்தியாசம் செஞ்ச வேலை அது. யார் மேலயும் தப்பில்ல.

வெர்லின்: அவ வரலேங்கறது யார் தப்பும் இல்ல. நான் சொன்னது என் தப்புதானே? தினம் ஜெபத்துல அவ பேரைச் சொல்றேன். கர்த்தருக்கே கேட்டுக் கேட்டுச் சலிச்சிருக்கும். "போய் அவகிட்ட சொல்லேன்டி"ன்னு நினைச்சிருப்பாரு.

எவாரிஸ்தோ: அதுக்குப் பதிலா ரொட்டி சுட்டு என் தலையில கட்டினீங்க.

வெர்லின்: ரொட்டி சொல்லும்னு நினைச்சேன்.

எவாரிஸ்தோ: கொஞ்சம் சொல்லிச்சு. ஆனா ரொட்டிக்கு வாய் கிடையாது. அதுவும் இனிமே நான் மலை வழி. என்ன பண்ணப் போறீங்க?

வெர்லின்: உங்களைப் பாலத்துல மாட்டிவிடவும் மனசு வரல. உள்ள விடாமப் போயிட்டா... இந்த வயசுல நீங்க எங்க போவீங்க? அந்த அறையில வேற யாரு வந்தாலும் எனக்குப் பிடிக்காது. அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

எவாரிஸ்தோ: அது ஒரு பக்கம் இருக்கட்டுமா? இன்னொரு தடவை சொல்லுங்களேன்.

வெர்லின்: சொல்லமாட்டேன். நீங்க மலை வழியாவே போங்க. கம்பளிப் போர்வை தர்றேன். ரொட்டியை... நானே எடுத்துட்டுப் போறேன்.

எவாரிஸ்தோ: நீங்களா? பாஸ்போர்ட் வேணுமே, அம்மணி. அதை எடுக்க நீங்க லிமோன் டவுனுக்குப் போகணும், படம் பிடிக்கணும், வரிசையில...

வெர்லின்: வேதப் புஸ்தகத்துக்குக் கீழ பாருங்க.

எவாரிஸ்தோ: ...புத்தம் புதுசு! இது எப்போ?

வெர்லின்: போன மழைக்காலத்துல. உங்ககிட்ட பல் வைத்தியர்னு சொல்லிட்டுப் போனேன்.

எவாரிஸ்தோ: வந்து ரெண்டு நாள் கஞ்சி வேற குடிச்சீங்களே!

வெர்லின்: சொன்னதுக்கு ஏத்த மாதிரி நடக்க வேணாமா?

எவாரிஸ்தோ: இத்தனை நாளும் கையில வெச்சுக்கிட்டு ஏன் போகல?

வெர்லின்: கொண்டு போக நீங்க இருந்தீங்களே. போய் நின்னா என்ன பேசறதுன்னு பயம். அவ கதவைச் சாத்திட்டா?

எவாரிஸ்தோ: ஊர்பேர் தெரியாத எனக்கே கட்டில் போட்டுக் குடுத்தவ, உங்களுக்குக் கதவைச் சாத்துவாளா?

வெர்லின்: ...விடியற பஸ்ஸுக்கே கிளம்பறேன். அங்க அவங்க நேரம் முடியறதுக்கு ரொம்ப முன்னாடி போய்ச் சேர்ந்துடணும். முதல் வார்த்தையா மன்னிப்பைச் சொல்லிடணும். அப்புறம் மத்தது.

எவாரிஸ்தோ: அப்படியே செய்ங்க. ரொட்டியை ரெண்டா சுத்துங்க, கனமா இருக்கும். நான் தூக்கறேன்.

வெர்லின்: நீங்க தூக்கறதாவது? உங்க பஸ் அந்தப் பக்கம், என் பஸ் இந்தப் பக்கம்.

எவாரிஸ்தோ: நானும் பாலம் வழியாவே வர்றேன்.

வெர்லின்: ஐயோ வேண்டாம்! அந்தப் பையன்? உள்ள விடமாட்டான்னு இவ்வளவு நேரம் கத்தினீங்களே?

எவாரிஸ்தோ: அவனா... குலுக்கல் சீட்டு வாங்கின அதே பையன்தான், நிமிர்ந்து கூடப் பார்க்கல. வாத்து யாருக்கு விழுந்ததுன்னு கேட்டுக்கிட்டே முத்திரையைக் குத்தினான்.

வெர்லின்: அப்ப... இந்தப் பொய்யெல்லாம்? சர்ச்சுல ஆர்மோனியம் வாசிக்கிற மனுஷனுக்கு யாரு இதைச் சொல்லிக் குடுத்தா?

எவாரிஸ்தோ: உங்க தங்கச்சிதான். "கூப்பிட்டா எங்கக்கா வரமாட்டா, பயந்துக்குவா. உங்களை இந்தப் பாலத்துல விடமாட்டாங்கன்னு சொல்லுங்க, ரொட்டியைத் தானே தூக்கிட்டு வருவா"ன்னா. கட்டிலுக்கு விரிப்பு கூட மாத்திட்டா, மிஸ் வெர்லின்... எனக்கு இல்ல, உங்களுக்கு.