சென்னகேசவன் வீட்டுக் கூடத்தில் பாவாத்தாள்

வெள்ளைச் சுவரில் கறுப்பு வெள்ளைப் படம்தான் எடுபடும் மேடம். இந்தக் காலண்டரை எடுத்துவிட்டு அங்கே ஒன்று மாட்டினால் உங்கள் ஸ்டேஷனே மாறிவிடும். சும்மா சொன்னேன். இதை எழுதிக்கொள்ள வேண்டாம்.

நான் யுவஸ்ரீ. போட்டோ எடுப்பவள், ஆனால் கல்யாணங்களுக்குப் போவதில்லை. ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு மாடியில் சின்னக் காட்சிக்கூடம் வைத்திருக்கிறேன். கொஞ்ச வருடம் முன்புவரை இந்த ஊரில் போட்டோவைக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்றால் சிரித்திருப்பார்கள். இப்போது மில் முதலாளிகளுக்கும் பம்ப் கம்பெனிக்காரர்களுக்கும் அதுதான் பேச்சு. சோபாத் துணியில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு வந்து படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். "இன்னொரு காப்பி போட்டுற மாட்டீங்கல்லங்க?" என்று கேட்பார்கள். ஒரு படத்துக்கு ஐந்து பிரதிதான், அதற்கு மேல் போட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத் தருவேன். படத்தைவிட அந்தக் கையெழுத்தைத்தான் அதிக நேரம் பார்ப்பார்கள். எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

பாவாத்தாளக்காவையும் பிடிக்கும். கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு தோப்பில் தேங்காய் பொறுக்குகிறவர். முதலில் படமெடுக்கப் போனபோது, "எம் மூஞ்சிய ஆரு கண்ணு காசு குடுத்து வாங்குவா? திருஷ்டிக்குக் கட்டவா?" என்றார். பிறகு ஒத்துக்கொண்டார். நான் படமெடுக்கும்போது யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. என் கண்ணைப் பார்த்துக்கொண்டே நான் சொல்லும் இடத்துக்கு நகர வேண்டும். அவர் சீக்கிரமே பழகிக்கொண்டார். அந்தப் படத்தைத்தான் மில் முதலாளி சென்னகேசவன் வாங்கினார்.

ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய நண்பர்கள் சிலர் என் படங்களை வாங்குவதாக இருந்தது. கூடத்தில் நுழைந்ததும் பார்த்தேன், பாவாத்தாளக்காவின் நெற்றியில் சந்தனப் பொட்டு. சட்டத்தைச் சுற்றி ரோஜா மாலை. கீழே விளக்கு.

சென்னகேசவனின் அம்மா பங்காரம்மா வைத்தது. தப்பில்லை. நம் வீடுகளில் தனியாக ஒரு முகத்தைப் பெரிதாக்கி மாட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தானே. "பேரன் ரித்விக்குக்கு விசா வந்துச்சு. நின்னுபோன மில்லு கேசு ஜெயிச்சுது. எல்லாம் இந்த அம்மா வந்த நேரமுங்க" என்றார். பிறகு, "இவங்க எப்பத் தவறுனாங்க அம்மணி?" என்று கேட்டார்.

உயிரோடு இருக்கிறவருக்கு மாலை போட்டு விளக்கேற்றியிருக்கிறோம் என்று தெரிந்தால் அந்த அம்மா அன்றே படத்தைக் கழற்றியிருப்பார். நண்பர்களும் என் பக்கம் திரும்பியிருக்க மாட்டார்கள். இந்த ஊரில் ஒரு வீட்டில் அபசகுனம் என்றால் அத்தனை வீட்டிலும் அபசகுனம்தான். காட்சிக்கூடத்தை அத்தோடு மூட வேண்டியதுதான்.

"போன மாசமுங்க. தோட்டத்துக் கிணத்துல தவறி விழுந்துட்டாங்க" என்றேன். ஏன் கிணறு என்று சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பங்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நண்பர்கள் ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் பாவாத்தாளக்கா போன் செய்தார்.

"ஏனம்மணி, பெரிய ஊட்டுல என்னை மாட்டியிருக்காங்க, கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்னியே. ஞாயித்துக்கிழமை வாரேன்."

"அந்த வீட்ல ஆளில்லக்கா. வெளியூர் போயிட்டாங்க."

"ஆளில்லாட்டி என்ன கண்ணு, நான் என்னையப் பாக்கத்தான வாரேன். ஊடு எங்கன்னு எனக்குத் தெரியும். எங்க தோப்பு முதலாளிக்கு அவுங்க சொந்தம்."

அவர் புதுச் சேலை எடுத்திருந்தார். நான் மறுக்க மறுக்க, அதன் நிறத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் இந்த மாதிரி நேரத்தில் ஆட்கள் பனியில் வெகுதூரம் நடப்பார்கள், காய்ச்சல் வரும், யாரிடமாவது கடவுளைப் பற்றிப் பேசுவார்கள். எனக்குச் சனிக்கிழமை உக்கடத்தில் கிணத்துக்கடவு பஸ் ஏறியதும் ஜன்னல் சீட்டே கிடைத்தது. இதமான காற்று.

"புதுச் சேலையில் ஒரு படம் எடுக்கலாங்கக்கா" என்றேன். சந்தோஷப்பட்டார். தோப்புக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். மதியம் வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுந்தது. அதில் பொய் இல்லை. கொஞ்சம் பின்னாடி போங்கக்கா என்றேன். போனார். இன்னும் கொஞ்சம் என்றேன். "இப்புடிங்களா கண்ணு?" என்று என் கண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதை அவர் மறக்கவே இல்லை. இப்படி ஒரு ஆள் கிடைப்பது அபூர்வம் மேடம். நான் அவரைத் தொடவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வேறு எதுவும் காதில் விழவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கேமரா உங்களிடம் இருக்கிறது. கடைசிப் படத்தில் தென்னைகள் மட்டும் இருக்கும், அது வேண்டாம். அதற்கு முந்தியதில் அவர் சிரிக்கிறார். முதல் படத்தில்கூடச் சிரிக்கவில்லை.

ஆக, நான்தான் செய்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்த வயதான பங்காரம்மாவிடம் நான் பொய் சொன்னதாக மட்டும் எழுத வேண்டாம், அது சரியாக இருக்காது. தேதிதான் கொஞ்சம் முன்னே பின்னே.