ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்த ஆட்டங்கள்

என் பேச்சு நீளுமோ என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட கழகத் தலைவர் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் செயற்குழுப் பெரியோர்களே! மைதானத்துச் சேற்றையெல்லாம் வீட்டுத் தொட்டியில் துவைத்துத் துவைத்தே கை தேய்ந்த தாய்மார்களே! தோற்ற நாளிலும் தொண்டை தளராத தோழர்களே! அனைவருக்கும் பணிவான வணக்கம்.

நான் மேடை கண்டவள் அல்ல. இந்தக் கால்பந்துக் கழகத்தின் ஆட்டப் பதிவாளர். பந்து அடுக்கும் அறைக்குப் பின்னால் என் அறை. ஒரு மேசை, ஒரு திரை, ஒரு நாற்காலி. இரண்டாவது நாற்காலி அங்கே தேவைப்பட்டதே இல்லை.

முப்பத்தாறு வயதாகிவிட்ட நம் நடுத் தடுப்பாட்டக்காரரை, நீங்கள் 'பெருசு' என்று கூப்பிடுகிறவரை, இன்னும் ஓராண்டு வைத்துக்கொள்வதா, வழியனுப்புவதா? சற்று நேரத்தில் கை தூக்கி முடிவு செய்யப்போகிறீர்கள். உங்களிடம் இருக்கும் அறிக்கை 'அனுப்பலாம்' என்கிறது. அதை எழுதியவள் நான். அது தவறு என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என்ன அண்ணா? "மொதல்லயே சரியா எழுதித் தொலைச்சிருக்கலாமே"ங்கிறீர்களா? நியாயமான கேள்வி. கேளுங்கள்.

முதலில் குறைகள். அவர் வேகம் குறைந்துவிட்டது. அவர் திரும்புவதற்குள் எதிராளி பத்தடி தாண்டிவிடுகிறார். இடது காலால் உதைத்த பந்து யாரைச் சேரும் என்பது அவருக்கே தெரியாது. இந்தப் பருவத்தில் மூன்று கோல்கள் அவர் ஒருவரின் பிழையால் விழுந்தன. அதில் ஒன்றுக்கு, தப்பு தன்னுடையது என்று தெரிந்தே, வலப்பக்கத் தடுப்பாளரை எல்லோர் முன்னாலும் திட்டினார். மன்னிப்புக் கேட்கப் பதினொரு நாள் எடுத்துக்கொண்டார்.

நேற்று அவரிடம், "உங்களுக்காகப் பேசப்போறேன்" என்றேன். ஷூ கயிற்றை அவிழ்த்தபடியே, "நல்லதை மட்டும் சொன்னா எவனும் நம்பமாட்டான்மா. அந்த மூணு கோலையும் சொல்லிடுங்க" என்றார். சொல்லிவிட்டேன்.

இனி என் பிழை. பறித்த பந்து, தலையால் முட்டிய பந்து, மறித்த உதை என்று என் படிவத்தில் கட்டங்கள் உண்டு. பந்தைத் தொட்டால்தான் அவை நிரம்பும். பெருசின் கட்டங்கள் பாதிக்குமேல் காலி. ஆட்டங்களின் காணொளிப் பதிவுகளை நான் எப்போதும் ஒலியை அணைத்துவிட்டே பார்ப்பேன். உங்கள் இரைச்சலில் எண்ணிக்கை தவறிவிடும்.

போன மாதம் பார்வையாளர்களுக்குத் தடை விதித்தார்கள், நினைவிருக்கிறதா? சிரிக்காதீர்கள். பாட்டில் வீசியவர்கள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள்! ஈராயிரம் காலி இருக்கைகள். நான் ஒருத்தி. அன்றுதான் பெருசின் குரலைக் கேட்டேன்.

"இடப்பக்கம் ரெண்டடி! ரெண்டடி போதும்! பின்னாடி ஆள் வர்றான், நீ திரும்பாத, நான் பாத்துக்கறேன்! டேய் கீப்பர், முன்னாடி வாடா!"

"வாயை மூடு பெருசு, காது வலிக்குது!"

"வலிச்சா நல்லது, உயிரோட இருக்கேன்னு அர்த்தம். வாடா முன்னாடி!"

முணுமுணுத்துக்கொண்டே கோல்கீப்பர் வந்தார். அடுத்த நொடி எதிரணியின் பந்து நேராக அவர் கைக்குள் வந்து விழுந்தது. என் படிவத்தில் அது யார் கணக்கு? கோல்கீப்பர் கணக்கு!

சொல்லுங்கள் தோழர்களே, வராமல் போன ஆபத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? விழாமல் போன கோலை யார் பெயரில் எழுதுவது? அவர் காயத்தோடு வெளியே இருந்த நான்கு ஆட்டங்களில் நாம் வாங்கியது பதினொரு கோல். அப்போதும் நான் காரணத்தைக் கால்களில்தான் தேடினேன். ஒரு குரல் குறைந்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

அன்று ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறைப் பக்கம் போனேன். உள்ளே ஒரே கும்மாளம். அவர் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்து, கம்மிப்போன தொண்டைக்கு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூன்று பேர் உட்கார இடம் இருந்தது. யாரும் உட்காரவில்லை. தொண்ணூறு நிமிடம் பத்துப் பேரிடமும் ஓயாமல் பேசியவருக்கு, அதன்பிறகு பேச ஒருவரும் இல்லை.

'அணி மனப்பான்மை' என்ற கட்டத்தில், "ஒதுங்கியிருப்பவர்" என்று எழுதியிருக்கிறேன். அவரை ஒதுக்கியது யார் என்று எழுத அங்கே இடமில்லை. தயவுசெய்து அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள்.

எல்லா ஆட்டங்களிலும் அவரை இறக்கச் சொல்லவில்லை. வேகமான அணிகளுக்கு எதிராக உட்கார வையுங்கள். ஆனால் அந்தக் குரலை அனுப்பிவிடாதீர்கள். அதைக் கேட்டு வளர வேண்டிய கால்கள் இந்த அணியில் நிறைய இருக்கின்றன.

உறுப்பினர் என்ற முறையில் எனக்கும் ஒரு வாக்கு உண்டு. தலைவர் இன்னும் கேட்கவில்லை. பரவாயில்லை ஐயா, தூக்கிவிட்டேன். தனியாக நிற்கும் கை இவ்வளவு கனக்கும் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. வணக்கம் சொல்ல இரண்டு கை வேண்டும். ஒன்று மேலே இருக்கிறது. நீங்கள் முடிவு சொல்லும்வரை அதை இறக்கமாட்டேன். மற்றதால் சொல்கிறேன்: வணக்கம்.